மூழ்குமா, மிதக்குமா?

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

"கனமான பொருள் மூழ்கும், இலேசான பொருள் மிதக்கும்." எங்கள் ஏழாம் வகுப்புத் தங்கைகளில் யாரை எழுப்பிக் கேட்டாலும் கிடைக்கிற விடை இதுதான். அவர்களை மட்டும் குறை சொல்வானேன்? இம்மலரைக் கையில் வைத்திருக்கும் பெற்றோர்களிலும் பலர் இதையே சொல்வார்கள் என்று பந்தயம் கட்ட எங்களுக்கு ஆசைதான். பந்தயம் கட்டுதல் நம் பள்ளியில் கூடாது என்பதால் விட்டுவிடுகிறோம்.

நாங்கள் தூத்துக்குடிப் பிள்ளைகள். துறைமுகத்துப் பக்கம் போனால் பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பல் அசையாமல் மிதந்துகொண்டிருப்பதைக் காண்கிறோம். அதே கரையில் உலர்த்தியிருக்கும் வலையில் சுண்டுவிரல் நுனியளவு ஈயக் குண்டுகள் தொங்குகின்றன. அவை மூழ்குவதற்கென்றே கட்டப்பட்டவை. இரண்டையும் நாள்தோறும் கண்ணால் கண்டுகொண்டே, வகுப்பில் எழுந்து நின்று "கனமானது மூழ்கும்" என்கிறோம். கண் ஒன்றைச் சொல்கிறது, வாய் வேறொன்றைச் சொல்கிறது. என்ன வேடிக்கை!

பத்தாம் வகுப்பு மாணவியர் கீழ்வகுப்புத் தங்கைகளுக்குச் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று இவ்வாண்டு எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் அவர்கள் பணித்தார்கள். நாங்கள் நால்வர் ஒரு குழு. எங்கள் பங்குக்கு வந்தவை அடர்த்தி, இடப்பெயர்ச்சி, மிதத்தல். மாணவியர் முப்பத்திரண்டு பேர், சனிக்கிழமைகள் மூன்று. சிஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள்: "முதல் அரைமணி நேரம் கரும்பலகையைத் தொடக் கூடாது. தண்ணீரைத் தொடுங்கள்." அதற்காக விடுதிச் சமையலறையிலிருந்து பெரிய வாளி ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தார்கள். நன்றாகத் துடைத்துத் திருப்பித் தர வேண்டும் என்பது சமையலறைச் சிஸ்டரின் நிபந்தனை.

வரையறையைத் தங்கைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். "ஓரலகுப் பருமனுள்ள பொருளின் நிறை அதன் அடர்த்தியாகும்." ஒரு சொல்கூடப் பிசகாது. ஆகவே நாங்கள் வரையறையைக் கேட்கவில்லை. சலவைச் சோப்புக் கட்டி ஒன்றைக் காட்டி, "இதைப் பாதியாக வெட்டினால் அடர்த்தி என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டோம். இருபத்தொன்பது பேர் "பாதியாகும், அக்கா" என்றார்கள். மூவர் பேசாமல் இருந்தார்கள். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டியை வாளியில் போட்டோம், மூழ்கியது. பாதியாக வெட்டிப் போட்டோம், மூழ்கியது. கால், அரைக்கால் என்று வெட்டிக்கொண்டே போனோம். "கடுகளவு வெட்டிப் போடுங்க அக்கா, மிதக்கும்" என்று முன்வரிசையில் ஒருத்தி அடம் பிடித்தாள். கத்தியை அவளிடமே கொடுத்தோம். அவள் வெட்டிய துணுக்கு மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. அவள் வாளியை விட்டு நகரவே இல்லை.

நிறை பாதியானால் பருமனும் பாதியாகிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வரும் எண் மாறுவதில்லை. இது புத்தகத்தில் உள்ளதுதான். ஆயினும் சோப்புத் துணுக்கு இறங்கியதைப் பார்த்த பிறகே அந்த வகுத்தல் அவர்களுக்குக் கணக்குப் பாடத்திலிருந்து நழுவி அறிவியல் பாடத்துக்கு வந்து சேர்ந்தது என்பது எங்கள் எண்ணம்.

அடுத்து ஆரஞ்சுப் பழம். தோலோடு தராசில் வைத்தோம்: 180 கிராம். வாளியில் போட்டோம், மிதந்தது. உரித்து நிறுத்தோம்: 140 கிராம். "இப்போது?" என்றோம். "இன்னும் நல்லா மிதக்கும், அக்கா! கனம் குறைந்துவிட்டதே!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. உரித்த பழம் மூழ்கிவிட்டது. எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கனம் குறைந்த பொருள் மூழ்கியது, கனம் மிகுந்த பொருள் மிதந்தது! தோலின் உட்புறத்து வெண்பஞ்சில் காற்று நிறைந்திருக்கிறது. அது நிறையைச் சிறிதே கூட்டி, பருமனைப் பெரிதும் கூட்டிவிடுகிறது. வீட்டில் அம்மா வடைக்கு உளுந்து அரைக்கும்போது, மாவில் ஒரு சிட்டிகை கிள்ளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்களே, அதுவும் இதுவே. காற்று ஏறி நன்கு பொங்கிய மாவு மிதக்கும். பதம் வராத மாவு அடியில் போய்விடும். அடர்த்தி என்ற சொல்லை அறியாமலே எத்தனை தலைமுறை அம்மாக்கள் அதை அளந்து வந்திருக்கிறார்கள்!

அன்று கடைசி வரிசையில் இருந்த ஒரு தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரைக் குடியிருப்பிலிருந்து வருபவள். வகுப்பில் வாய் திறக்காதவள் என்று எங்களிடம் முன்னரே சொல்லியிருந்தார்கள். சோப்புக் கேள்விக்குப் பேசாமல் இருந்த மூவரில் அவளும் ஒருத்தி. வகுப்பு முடிந்தபின் மேசையருகே வந்து, "அக்கா, வலைக்கு மேலே மிதவையும் கீழே ஈயமும் கட்டுவாங்க. மிதவைதான் பெரிசு" என்று சொல்லிவிட்டு விடை எதிர்பாராமல் ஓடிவிட்டாள். அடுத்த வாரம் கைக்குட்டையில் முடிந்து இரண்டையும் கொண்டுவந்தாள். ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல் 11.3 மடங்கு. அந்தச் சின்னக் குண்டைக் கையிலிருந்து கைக்கு மாற்றி மாற்றி முப்பத்திரண்டு பேரும் தூக்கிப் பார்த்தார்கள். அதைவிடச் சிறந்த பாடத் துணைக்கருவி எங்களிடம் இல்லை.

இரண்டாம் சனிக்கிழமை இடப்பெயர்ச்சி. கிணற்றில் நீர் இறைத்தவர்கள் அறிவார்கள்: வாளி நீருக்குள் இருக்கும்வரை கயிறு இலேசாக வரும், நீர்மட்டத்தைவிட்டு மேலே வந்ததும் கை இழுபடும். இந்த அனுபவம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றோம். ஐந்தே கைகள்! மற்றவர் வீடுகளில் குழாயும் மோட்டாரும். ஆகவே கிணற்றை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

வில்தராசில் ஒரு கல்லைத் தொங்கவிட்டோம். காற்றில் 500 கிராம் காட்டியது. விளிம்புவரை நீர் நிரப்பி, பக்கத்தில் ஒரு குழல் பொருத்திய பாட்டிலில் அதை மெல்ல இறக்கினோம். முள் ஏறி 310 கிராமில் நின்றது. குழல் வழியே வழிந்த நீரை அளவுச் சாடியில் பிடித்தோம். குறைந்த எடை 190 கிராம் என்றால், வழிந்த நீரும் 190 மில்லிலிட்டர் இருக்க வேண்டும். இருந்தது 185. "ஐந்து மில்லி எங்கே அக்கா?" என்று உடனே கேட்டார்கள். பெரியவர்கள் இத்தகைய இடங்களில் "ஏறத்தாழச் சரி" என்று கடந்துவிடுவார்கள். சிறுபிள்ளைகள் விடமாட்டார்கள். தேடினோம். குழலின் வாயில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. குழலுக்குள் கொஞ்சம் தேங்கி நின்றது. பாட்டிலின் மேல்விளிம்பில் நீர் சற்றே வளைந்து, வழிய மனமின்றி நின்றது. அந்த ஐந்து மில்லியைத் தேடிய பத்து நிமிடங்களில்தான் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் அவர்களுக்கு விளங்கியது. இழந்த எடைக்கு நீரில் கணக்கு இருந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டதே! வேறென்ன வேண்டும்? கல்லின் அடர்த்தியும் கையோடு கிடைத்தது: 500-ஐ 190-ஆல் வகுக்க ஏறத்தாழ 2.6.

ஆர்க்கிமிடீஸ் என்றதும் அவர் குளியல் தொட்டியிலிருந்து தெருவில் ஓடிய கதை நினைவுக்கு வந்து தங்கைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பின்வரிசையில் சிஸ்டர் அமர்ந்திருந்ததால் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. கதையில் வருவது சிராக்கூஸ் மன்னர் ஹீரோவின் பொன்மகுடம். இதை எழுதிவைத்தவர் விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக் கலைஞர். ஆர்க்கிமிடீஸ் மறைந்தது கி.மு. 212-இல், இவர் எழுதியது ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழித்து. மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆர்க்கிமிடீஸே எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. அதில் மகுடமும் இல்லை, தெருவும் இல்லை.

மகுடத்தை நீரில் அமிழ்த்தி வழிந்ததை அளந்து கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? நாங்களே கணக்கிட்டோம். ஒரு கிலோ மகுடம் என்று வைத்துக்கொள்வோம். தனிப் பொன்னாயின் பருமன் 52 கன சென்டிமீட்டர். முந்நூறு கிராம் பொன்னை எடுத்துவிட்டு வெள்ளி சேர்த்தால் 65. வித்தியாசம் 13 கன சென்டிமீட்டர். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள பாத்திரத்தில் அது நீர்மட்டத்தை உயர்த்துவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு! எங்களுக்கு ஐந்து மில்லி குழலில் ஒட்டிக்கொண்டது போல அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தால் பொற்கொல்லர் தப்பித்திருப்பார். கலிலியோவும் இவ்வழியை ஐயுற்றார். 1586-இல், தம் 22-ஆம் வயதில், பொருளை நீருக்குள் வைத்தே நிறுக்கும் தராசு ஒன்றைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதினார். மகுடத்தையும் அதே எடைப் பொன்னையும் தராசின் இருபுறம் தொங்கவிட்டு நீரில் இறக்கினால், வெள்ளி கலந்த பக்கம் 13 கிராம் இலேசாகி மேலே எழும். அதைக் கண்ணால் காணலாம். இக்கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஓடிய பகுதி அன்று.

மூன்றாம் சனிக்கிழமைக்கு ஒரு முட்டையும் உப்பும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். வந்தவை பதினெட்டு முட்டைகள். இரண்டு வழியிலேயே உடைந்தன. நல்ல நீரில் முட்டை மூழ்கும். உப்பைக் கரண்டி கரண்டியாகக் கரைத்தால் எழும். விதை நெல் தேர்வதற்கு உழவர்கள் இம்முறையைக் கையாள்வதுண்டு. முட்டை நாணய அளவு தலைகாட்டும்வரை உப்பைக் கரைத்து, அந்நீரில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதந்துவிடும், மணி அடியில் தங்கும். ஒருத்தியின் தாயார் உப்பளத்தில் வேலை செய்பவர். அவள் பாத்தி நீரையே ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். கரண்டியும் வேண்டியிருக்கவில்லை, முட்டை போட்டதும் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. "இருபத்தைந்து டிகிரி வந்தா உப்பு விழும், அக்கா. கண்ணாடிக் குழாய் விட்டுப் பார்ப்பாங்க" என்று விளக்கமும் தந்தாள். கடல்நீர் அந்தக் குழாயில் மூன்று, மூன்றரை டிகிரிதான் காட்டும். வெயிலில் வற்றி 25 டிகிரி ஆகும்போது நீரின் அடர்த்தி 1.2 ஆகிவிடுகிறது. கண்ணாடிக் குழாய் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே அளவு. மிதத்தலையே அளவுகோலாக்கிவிட்டார்கள்!

கப்பலுக்கும் அப்படி ஓர் அளவுகோல் உண்டு. பக்கவாட்டில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் அதனருகே சிறு கோடுகளும் தீட்டியிருப்பார்கள். அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கிக்கொண்டிருந்த காலத்தில், சாமுவேல் பிலிம்சால் என்ற ஆங்கில நாடாளுமன்ற உறுப்பினர் விடாது போராடி 1876-இல் சட்டம் கொண்டுவரச் செய்தார். கோட்டை எங்கே தீட்டுவது என்பது கப்பல் முதலாளியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்ததால், முதலில் அச்சட்டம் வெறும் பேச்சாகவே இருந்தது. 1890-இல்தான் இடமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. நன்னீருக்கான கோடு கடல்நீருக்கான கோட்டைவிட உயரத்தில் இருக்கும். ஏன் என்று கேட்டோம். "நல்ல தண்ணியில கப்பல் கூடுதலா இறங்கும், அக்கா, முட்டை மாதிரி" என்று பல குரல்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சிதம்பரனார் ஊரில் இவ்விடை வராமல் போகுமா?

இரும்பு எப்படி மிதக்கிறது என்பதற்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் போதும். நீரில் நேராக வைத்தால் மிதக்கும். உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது மொத்தப் பருமன் பெரிது, அடர்த்தி சிறிது. கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊற்றினோம். இறங்கி இறங்கி, விளிம்பைத் தொட்டதும் பொளக்கென்று மூழ்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, எங்கப்பா படகுக்குள்ள தண்ணி போனா?"

வகுப்பில் சத்தமே இல்லை. எங்களில் ஒருத்தி சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தார்கள். "அப்படியெல்லாம் ஆகாதும்மா" என்று சொல்லியிருக்கலாம். அது அவள் கேள்விக்கு விடையாகாது. "அப்பாவின் படகு எதனால் செய்தது?" என்று கேட்டோம். "பைபர். தாத்தாகிட்ட கட்டுமரம் இருந்துச்சு. அது கவிழ்ந்தாலும் மூழ்காதாம்."

அவள் சொன்னது உண்மை. கட்டுமரம் மிதப்பது மரத்தின் இயல்பால். அதன் கட்டைகள் நீரைவிட அடர்த்தி குறைந்தவை. அதற்குள் நீர் புக இடமே இல்லை. படகு மிதப்பதோ தன் வடிவத்தால், உள்ளே அடைத்து வைத்திருக்கும் காற்றால். பைபரின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றரை. காற்று போய் நீர் புகுந்தால் அது டம்ளரின் கதைதான். ஒன்றுபோல் தோன்றும் இரண்டு மிதப்புகளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதைச் சென்ற ஆண்டு பாடத்தில் படித்தபோது நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்றுதான் கரும்பலகையை முழுதாகப் பயன்படுத்தினோம். படகின் உடல் 500 கிலோ, எஞ்சின் 100 கிலோ என்று அவள் சொன்னாள். உடலின் பருமன் 333 லிட்டர். ஆகவே அது விலக்கும் நீர் 333 கிலோ. குறைவது 167 கிலோ. எஞ்சின் இரும்பு, விலக்குவது 13 கிலோ நீர்தான், குறைவது 87. ஆக, 254 கிலோவை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். நன்றாக மூடிய இருபது லிட்டர்ப் பிளாஸ்டிக் கேன் ஒன்று தன் எடையான ஒரு கிலோ போக 19 கிலோவைத் தாங்கும். எத்தனை கேன்? முப்பத்திரண்டு பேரும் வகுத்தார்கள். பதினான்கு. கடல்நீர் சற்று அடர்த்தியானது என்பதால் உண்மையில் கொஞ்சம் குறைவாகவே போதும். வலையையும் கயிற்றையும் நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. வகுப்பில் அன்றுவரை வகுத்தலில் தடுமாறியவர்களும் அன்று தடுமாறவில்லை. இத்தகைய படகுகளின் அணியத்திலும் பின்பக்கத்திலும் காற்றோ தெர்மோகோலோ அடைத்த மூடிய பெட்டிகள் வைப்பதுண்டு. அந்தப் பதினான்கு கேன்களின் வேலையைச் செய்ய வேண்டியவை அவைதாம் என்றும் சொன்னோம்.

திங்கட்கிழமை காலை இடைவேளையில் அவள் எங்களைத் தேடிக்கொண்டு பத்தாம் வகுப்புக் கட்டடத்துக்கே வந்துவிட்டாள். கணக்குத் தாளை அப்பாவிடம் காட்டினாளாம். முதலில் சிரித்தாராம். பிறகு அவளையும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தாராம். முன்பெட்டி 'டண் டண்' என்றது. பின்பெட்டி 'தொப் தொப்' என்றது. திறந்து பார்த்தால் விரிசல் வழியாகப் புகுந்த நீர் பாதிக்கு மேல் நின்றதாம். நீரை இறைத்துக் காயவைத்து, விரிசலை அடைக்கும்வரை படகை இறக்கவில்லையாம். இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். அப்பா தாளைத் திருப்பித் தரவில்லை என்றும், வேறொன்று எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டாள்.

எழுதிக் கொடுத்தோம். அவள் போகவில்லை. "அக்கா, பதினாலு கேனையும் முன்னாடியே கட்டிட்டா?"

இது எங்கள் மூன்று பாடங்களில் இல்லாத கேள்வி. மதிய இடைவேளையில், நீர் நிரப்பிய டம்ளரின் விளிம்பில் ஒருபக்கமாக, மூடிய மருந்து பாட்டில் ஒன்றைக் கட்டி நீர்த்தொட்டியில் விட்டுப் பார்த்தோம். மூழ்கவில்லை, ஆனால் ஒருபக்கமாகச் சாய்ந்து, தலை மேலும் கால் கீழுமாகத் தொங்கியது. அப்படித் தொங்கும் படகை ஆட்கள் எங்கே பற்றிக்கொள்வார்கள் என்று அவள் கேட்டாள். நான்காவது சனிக்கிழமைக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். சிஸ்டர் சரி என்றுவிட்டார்கள்; வாளிக்குத்தான் சமையலறையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.